போட்டுப் பார்க்கிறவர்

குடை வாங்கப் போன கடையில் குழாயடிக்குப் போய், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிடச் சொன்ன மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலி டவுனில் நாங்கள் குடியிருந்த வீடு அவருடையது. அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும்தான் நான் கூப்பிட்டேன்.

குக்கர் வாங்கப் போகும்போது பையில் அரிசியும் பருப்பும் கொண்டுபோனாராம். கடையில் அடுப்பு இல்லை என்றதும், "அடுப்பு இல்லாம குக்கர் விக்கீரு, வீடு இல்லாமக் கதவு விப்பீரோ" என்று கேட்டுவிட்டு, பக்கத்து டீக்கடை அடுப்பில் அதை ஏற்றி, விசில் வரும்வரை நின்றிருக்கிறார். பூட்டு வாங்கிய கதை இன்னும் மோசம். கடையின் பின்னறையில் தன்னை வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறார். சாவி சிக்கிக்கொண்டது. வெளியே கடைக்காரர் வேர்த்துப்போய் நிற்க, உள்ளேயிருந்து, "பாத்தீரா, இதை நான் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தா?" என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தாராம். இதையெல்லாம் அத்தைதான் சொல்வார், மாமாவின் முன்னாலேயே, அவர் காதில் விழும்படி. அவர் கோபப்பட மாட்டார். பூட்டு இன்னும் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்பார்.

எங்களையும் அவர் அப்படித்தான் குடிவைத்தார். முன்பணம் வாங்குவதற்கு முன், ஒரு ராத்திரி அந்த வெறும் வீட்டில் படுத்துப் பார்க்கச் சொன்னார். வீடு பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார், எவ்வளவு நல்ல மனிதர் என்று என் கணவர் சொன்னார். மறுநாள்தான் தெரிந்தது, சோதனை வீட்டுக்கு இல்லை, எங்களுக்கு. குழாயை ஒழுங்காக மூடினோமா, படி விளக்கை அணைத்தோமா, கதவை அடித்துச் சாத்துகிறவர்களா என்று கீழேயிருந்து கவனித்திருக்கிறார். நான் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தேன். என்னைப் படியேறி இறங்கச் சொல்லிப் பார்த்தார். நான் சுவரைத் தொட்டுத் தொட்டு இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு வீடு கிடைக்காது என்று நினைத்தேன். நாங்கள் சாமான்களோடு வந்து இறங்கிய அன்று, சுவர்ப் பக்கமும் புதிதாக ஒரு கைப்பிடி போட்டிருந்தது.

யார் என்ன சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நீ பாத்தியா?" பார்த்தேன் என்று சொன்னாலும் விட மாட்டார். "நான் ஒருக்கா பாத்துட்டு வாரேன்" என்று எழுந்துவிடுவார். மோட்டார் அணைத்தாயிற்று மாமா என்றால், பின்பக்கம் போய் சுவிட்சைத் தொட்டுவிட்டு வருவார். சோறு வெந்துவிட்டது என்று அத்தை சொன்னால், அவரே ஒரு பருக்கையை எடுத்து நசுக்குவார். கல்யாணமான நாளிலிருந்து சோறு பொங்குகிற அத்தை அதைத் தலையைத் திருப்பிக்கொண்டு பொறுத்துக்கொள்வார்.

முதலில் எனக்கு அவரிடம் பயம். நானும் அவர் வாங்கிவந்து இன்னும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிற ஒரு சாமான் என்பதுபோல இருந்தது. பிறகு அந்தப் பயம் வேறு மாதிரி ஆயிற்று. நான் எம்.எஸ்.ஸி. படித்தவள். ஆனால் கேஸை மூடினேனா என்று பாதித் தெருவில் இருந்து திரும்பி வருகிறவள். மூடியதைப் பார்த்த பிறகும், பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று குழம்புகிறவள். அவருக்கு மற்றவர்கள் கண்ணில் நம்பிக்கை இல்லை. எனக்கு என் கண்ணிலேயே நம்பிக்கை இல்லை. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. வெளியே கிளம்பும்போது, "கேஸை மூடிட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் போய்ப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். என் பயத்தில் பாதியை அவர் தெரியாமலே சுமந்துகொண்டிருந்தார்.

மகள் பிறந்த பிறகு பயத்துக்குக் கணக்கே இல்லாமல் போயிற்று. என் கணவருக்கு வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடிவதற்கு முன்பு போய்விடுவார். மற்ற நாட்களில் குழந்தையும் நானும்தான். பால் கக்கினால் டாக்டரிடம் ஓடுவேன். வயிறு உப்பினால் ஓடுவேன். எங்கள் தெருக்கோடியில் இருந்த குழந்தை டாக்டர் நல்லவர்தான். ஒரு தடவை சிரித்துக்கொண்டே, "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. மருந்து உங்களுக்குத்தான் எழுதணும்" என்றார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறுவதற்கு முன்னால் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அது தொடங்கியது. மகள் குப்புற விழப் பழகியிருந்த சமயம். தூங்கி எழும்போது திடீரென்று தலை முன்னால் கவிழும். இரண்டு கையும் விரிந்து மேலே போகும். யாரோ உள்ளிருந்து ஒரு நூலை இழுத்த மாதிரி. கண்ணை இமைப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு ஒரு சின்னச் சிணுங்கல். கொஞ்சம் கழித்து மறுபடியும். அப்புறம் ஒன்றும் இல்லாததுபோல விளையாடுவாள். முன்பு என்னைக் கண்டதும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டதா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

அத்தையிடம் சொன்னேன். பிள்ளைகள் தூக்கத்தில் திடுக்கிடும், பயந்திருக்கும், நெற்றியில் துன்னூறு பூசு என்றார். என் அம்மாவும் போனில் அதையே சொன்னார். மாமாவிடம் சொல்லவில்லை. நீ பாத்தியா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கி எழும்போது, என் கணவரின் புதுப் போனில் படம் பிடித்தேன். இருப்பதிலேயே தெளிவாக எடுக்கும்படி வைத்து எடுத்தேன். ஜன்னல் சாத்தியிருந்ததால் அறை மங்கலாக இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, இருட்டில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, திடுக்கிடுகிறாள், அவ்வளவுதான் என்றார். என் மனம் ஆறட்டும் என்று அதை என் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, போனோடு வேலைக்குப் போய்விட்டார்.

என் மடிக்கணினி கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. அத்தனை தெளிவான படத்தை அதால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் ஓடும், நிற்கும், தாவும், மறுபடி ஓடும். குழந்தையின் தலை சரியாக இருக்கும், அடுத்த நொடி கவிழ்ந்திருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. வெட்டுவது குழந்தையா, படமா? நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஓட்ட ஓட்ட, நேரில் பார்த்ததும் அப்படித்தானோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. என் பழைய போனில் அது திறக்கவே இல்லை.

அதே சமயம் கீழ்வீட்டிலும் ஒரு படம் ஓடாமல் கிடந்தது. மாமாவின் மகள் அமெரிக்காவில் இருந்தாள். பேத்தியின் நடன அரங்கேற்றத்தை அங்கே பெரிய கேமராவில் எடுத்து, ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு பென்டிரைவில் கொடுத்தனுப்பியிருந்தாள். மாமாவின் டிவி அதைப் படிக்கவில்லை. டிவியை மாற்றுங்கள் என்று மகள் சொன்னாள். "நல்லா ஓடுத டிவியை என்னத்துக்கு மாத்தணும்" என்றார் மாமா. டிவியோடு இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை வாங்கினால் போதும் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை வாசித்துச் சொல்கிற வேலை எனக்கு.

அந்தப் பெட்டி தேடல் வாரக்கணக்கில் நடந்தது. எல்லாப் பெட்டியின் மேலும் உயர்தரப் படம் ஓடும் என்று போட்டிருக்கும். கடைக்குப் போனால், செருகி, அவர்கள் வைத்திருக்கிற படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். எங்கே போனாலும் கிளிகள்தான். பச்சையும் சிவப்புமாய், இறகு இறகாகத் தெரியும். மாமா சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுப்பார். "உம்ம கிளி எதுலயும் ஓடும்வே. எம் பேத்தி ஓடணும்."

பேத்தி ஓடமாட்டாள். ஒரு பெட்டியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. இன்னொன்று திறப்பதற்கே மறுத்தது. படம் எடுத்த விதம் புதிது, சுருக்கி வைத்திருக்கிற முறை வேறு, பெட்டிக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார்.

ஒரு கடைக்காரர் தொந்தரவு தாங்காமல், வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினார். அதில் சத்தம் மட்டும் வந்தது. திரை கறுப்பு. நான் குழந்தையோடு கீழே போனபோது மாமாவும் அத்தையும் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ கைதட்டினார்கள். அணைத்துவிடட்டுமா மாமா என்று கேட்டேன். "இரு, முழுசும் ஓடட்டும். இடையில எங்கயாவது படம் வந்தாலும் வரும்" என்றார். அத்தை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றி வைக்கிறாள் பாருங்கள் என்று, பார்க்கிறவர் மாதிரியே சொன்னார். எனக்கு ஏனோ அங்கே நிற்க முடியவில்லை.

அந்தப் பென்டிரைவில் கோப்பு சரியாக ஏறவில்லையோ என்ற சந்தேகத்தில், என் மடிக்கணினியில் எடுத்துப் புதிதாக ஒரு தடவை ஏற்றிக் கொடுக்கச் சொல்லி மாமா அதை என்னிடம் கொடுத்தார். ஏற்றும்போது, கூடவே என் மகளின் படத்தையும் ஏற்றினேன். பெட்டி கிடைத்ததும், மாமா இல்லாத நேரம் பார்த்து அத்தையிடம் சொல்லி டிவியில் போட வேண்டும். பெரிதாக, ஓட்டம் தடைபடாமல் ஒரு தடவை பார்த்துவிட்டால் எனக்கு நிச்சயமாகிவிடும். நிச்சயமானால் டாக்டரிடம் போகலாம். ஒன்றும் இல்லையென்றால் யாரிடமும் சொல்லாமலே அழித்துவிடலாம். இதுதான் என் திட்டம்.

மறுநாள் வண்ணார்பேட்டையில் புதிதாகத் திறந்திருந்த பெரிய கடைக்குப் போனோம். பாப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வீசிய காற்றில் கண்ணைத் திறந்துவிடுவாளோ என்று முந்தானையால் மூடிக்கொண்டேன். அவள் எழுவது எனக்குப் பயமாக இருந்த காலம் அது.

அந்தக் கடையில் ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி. மாமா வழக்கம்போலப் பென்டிரைவை நீட்டினார். விற்பனை செய்கிறவர் சுவரில் இருந்த எல்லா டிவிகளோடும் இணைத்திருந்த ஒரு பெட்டியில் செருகினார். பேத்தியின் சலங்கைச் சத்தம் மட்டும் வந்தது. "இதுல இன்னொரு படமும் இருக்கே அண்ணாச்சி, அதையும் போடவா?" என்று கேட்டார்.

"இருக்கதையெல்லாம் போடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அழுத்திவிட்டார். திரைகள் எல்லாம் கறுத்தன. பிறகு என் மகளின் சிணுங்கல் சுவர் முழுவதிலிருந்தும் வந்தது. ஒரு சிணுங்கல். கொஞ்சம் மௌனம். மறுபடி ஒன்று. அதே அளவு மௌனம். மறுபடி. படம் இல்லாமல் கேட்டபோது அது குழந்தையின் சத்தம் மாதிரியே இல்லை. எங்கேயோ சொட்டிக்கொண்டிருக்கிற குழாய் மாதிரி இருந்தது.

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது நம்ம பாப்பா சத்தம்லா?"

"அது வேண்டாம் மாமா. அது நான் தெரியாம ஏத்திட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். விற்பனையாளரிடம் திரும்பி, வேறு பெட்டி எது இருக்கிறது, அதில் போடும் என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறைதான். இங்கே வேண்டாம், எல்லாரும் பார்க்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அடுத்த பெட்டியில் படம் வந்தது. எங்கள் மாடி அறை, கட்டில், தலையணை, மூலையில் ஓடுகிற ஃபேன், நடுவில் என் மகள். ஒரு சுவர் முழுக்க என் மகள். ஒரு தடை இல்லாமல், தண்ணீர்போல ஓடியது. தலை கவிழ்ந்தது. கைகள் விரிந்தன. எல்லாத் திரையிலும் ஒரே நேரத்தில் விரிந்தன. சலவை இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், பக்கத்தில் நின்ற கணவனிடம் என்னமோ சொல்லிவிட்டுத் தன் குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். விற்பனையாளர் நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதேயும். முழுசும் ஓடட்டும்" என்றார் மாமா.

முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்தத் தடவை சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் குனிந்துகொண்டு, என் காலடியில் இருந்த தரைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம்தான் வெட்டுது, பெட்டி சரியில்லை என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை வேண்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். எத்தனை பெட்டிகளைக் குறை சொல்லியிருக்கிறார். இந்த ஒன்றையும் சொல்லக் கூடாதா?

அவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"ஏம்மா, அந்த மூலையில ஃபேன் நிக்காமச் சுத்துது பாத்தியா? படம் ஒழுங்காத்தான் ஓடுது. பிள்ளைக்குத்தான் வெட்டுது."

நான் ஃபேனைக் கவனித்ததே இல்லை. எத்தனையோ தடவை அந்தப் படத்தை ஓட்டியிருக்கிறேன். குழந்தையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"அது திடுக்கிடுதுன்னு சொன்னாங்க மாமா."

"திடுக்கிடுத பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாரி திடுக்கிடும். இது ஒண்ணு போல வருது. என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா இங்கன நின்னு பேசுத விசயம் இல்ல. வா."

பெட்டியையும் வாங்கவில்லை. பென்டிரைவையும் எடுக்கவில்லை. விற்பனையாளர் பின்னாலேயே அண்ணாச்சி அண்ணாச்சி என்று வாசல்வரை வந்தார். மாமா அதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டார். எந்த ஆட்டோவானாலும் ஏறுவதற்கு முன்னால் டயரை ஒரு தடவை மிதித்துப் பார்க்கிறவர். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் மகள் கண் விழித்தாள். அது வந்தது. என் மடியில், அவர் கண்ணெதிரே. மறுபடி வந்தது. அவர் தன் உள்ளங்கையை அவள் தலைக்குப் பின்னால் வைத்து, எதிலும் இடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டார். ஓட்டுநரிடம், "வெரசாப் போம்வே" என்றார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்ன என்று கேட்டதும் எனக்கு வழக்கமான பேச்சு வந்தது. ஒன்றுமில்லை டாக்டர், எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ, வீட்டில் எல்லாரும் திடுக்கிடுவதுதான் என்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். மாமா என்னை முடிக்க விடவில்லை.

"தோணல் இல்ல டாக்டரம்மா. பாத்துட்டுத்தான் வந்திருக்கோம்."

என் கணவரைக் கூப்பிட்டு, போனில் இருந்த படத்தை டாக்டரின் போனுக்கு அனுப்பச் சொன்னேன். டாக்டர் அதைப் பாதிவரைகூடப் பார்க்கவில்லை. எழுந்து போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். குழந்தையின் தலையில் ஒயர்களை ஒட்டி, மூளையின் மின் ஓட்டத்தைப் பதிவு செய்தார்கள். அவள் ஒயர்களோடு தூங்கினாள். நான் திரையில் ஓடிய கோடுகளைப் பார்க்காமல் அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது கைக்குழந்தைகளுக்கு வருகிற ஒருவகை வலிப்பு என்று டாக்டர் சொன்னார். பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும், அதனால்தான் பல வீடுகளில் நாள் கடந்துவிடுகிறது, கடக்கக் கடக்க மூளையின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்திவிடும் என்றார். உடனே மருந்து தொடங்க வேண்டும். மருந்துக்கு அது கேட்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

இன்றைக்கு என் மகள் ஓடுகிறாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். நடக்கவும் பேசவும் மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தூங்கி எழும்போது அது வருகிறதா, வரவில்லையா. ஒன்றிரண்டு வந்தாலும் உடனே சொல்ல வேண்டும், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் விடுப்பு எடுத்து வந்து, முடிந்ததும் திரும்பிப் போனார். அதன்பின் பார்க்கிற கண் என்னுடையது மட்டும்தான். அவள் சோம்பல் முறித்தாலும் அதுபோலத் தெரிந்தது. கொட்டாவி விட்டாலும் தெரிந்தது. சில சமயம் அவள் அசையாமல் படுத்திருக்கும்போதே தெரிந்தது.

மாமா மாடிக்கு வரத் தொடங்கினார். காலையிலும் மத்தியானமும், பாப்பா எழுகிற நேரம் பார்த்து வருவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். பேச மாட்டார். இருவரும் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்போம். முதல் நாட்களில் அது வந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு குறைந்தது. சந்தேகமாக ஏதாவது அசைந்தால் நான் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்து, இல்லை என்று தலையை அசைப்பார். அவர் அசைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். கீழே அத்தை தனியாக இருப்பார். அந்தப் பெரிய கடைக்காரர்களே படம் ஓடிய பெட்டியையும் பென்டிரைவையும் வீட்டை விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். போட்டுப் பார்க்காமலே அத்தை அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டதும், மாமா அதைக் கேட்காததும் அந்த வீட்டில் அதுவரை நடக்காத காரியங்கள்.

ஒருநாள் மத்தியானம் பாப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே விழித்துவிட்டாள். மாமா வரவில்லை. எழுந்து போய்க் கூப்பிடும் நேரத்தில் அது வந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் அசையவில்லை. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். காலை உதைத்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் காத்திருந்தேன். அவள் புரண்டு, தலையை நிமிர்த்தி, என்னைத் தேடி, என்னைக் கண்டதும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். அது வரவில்லை.

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது மாமா மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார்.

"எந்திச்சிட்டாளா? வந்துதா?"

"வரலை மாமா."

உள்ளே வந்து நாற்காலியைப் போடுவார், நாளைக்குவரைக்கும் பார்க்கலாம் என்பார், குறைந்தது அவள் முகத்தையாவது உற்றுப் பார்ப்பார் என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றவில்லை.

"நீ பாத்தேல்லா?"

"பாத்தேன்."

"அப்பச் சரி" என்றார்.

திரும்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கத் தொடங்கினார். அத்தையிடம் அவர் சொல்வது கீழேயிருந்து கேட்டது. இன்னைக்கு வரலையாம், பிள்ளையோட அம்மை பாத்துட்டா என்றார். நான் குழந்தையோடு வாசலில் நின்றேன். மாமா, ஒருக்கா வந்து நீங்களும் பாத்துட்டுப் போங்க என்று கூப்பிட வேண்டும்போல் இருந்தது. நான் பார்த்ததுதானா, முழுதும் பார்த்தேனா, நடுவில் கண்ணை இமைத்தேனா என்று உள்ளே கேள்விகள் வரிசையில் நின்றன. கீழ்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. மகள் என் கன்னத்தை நக்கினாள். இனி அவளைப் பார்க்கிற கண் நான்தான் என்று தெரிந்தபோது எனக்கு வந்த பயம், அந்தக் கடைச் சுவரின் முன்னால் நின்றபோதுகூட வந்ததில்லை. அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். கூப்பிடவில்லை.